ஏரியில் மாப்பிள்ளை பார்த்த அமுதவள்ளி

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாமரை அந்த விஷயத்தைச் சொன்னபோது அமுதவள்ளி கழுவி வைத்திருந்த அரிசியை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

"அத்தே, ஏரிக்கு வர்ற ஒருத்தர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டிருக்கார்." அவ்வளவுதான் தாமரை சொன்னது.

சுகுமாறன் போய் மூன்று வருஷம் ஆகிறது. மழை நாளில், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன் வீடு வந்து சேரவில்லை. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ப்ளாட்டின் ஏழாவது மாடியில் மகனை இழந்த அம்மாவும் கணவனை இழந்த மருமகளும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. தாமரை ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். கிளினிக் தோழி ஷாமினி விடாமல் இழுத்ததில், கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் படகு விட, மலை ஏற என்று கிளம்பிவிடுகிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்த அமுதவள்ளிதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு ஏரிக்குப் போறியா?"

"இல்ல அத்தே. போகல."

"அந்தப் பையன் வருவானா?"

தாமரை ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்போ போ. நானும் வரேன்."

மறுநாள் விடியற்காலையில் அறையை விட்டு வெளியே வந்த அமுதவள்ளியைப் பார்த்து தாமரை அப்படியே நின்றுவிட்டாள். காலில் தாமரையின் டிராக் பேண்ட். மேலே சுகுமாறன் பேட்மிண்டன் விளையாடப் போட்டுக்கொள்ளும் நீல டி-ஷர்ட். முதுகில் பெரிய ஆங்கில எழுத்தில் 'சுகு' என்று இருந்தது.

"என்ன பாக்குற? புடவையோட போட்டுல ஏறச் சொல்றியா?"

தாமரை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு லிப்டுக்கு நடந்தாள்.

தாமரை ஓட்டிய மைவி கார் ராவாங் ஊரைத் தாண்டியது. கோலகுபு பாரு டவுனைக் கடந்து பாதை மேலே ஏறத் தொடங்கியதும் அமுதவள்ளி கண்ணாடியை இறக்கிவிட்டாள். ஈர இலை வாசனையோடு குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. ஒரு வளைவைத் திரும்பியபோது மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது. அணை கட்டித் தேக்கிய தண்ணீர். சுற்றிலும் மலை, மலையின் இடுப்பில் மஞ்சு.

"இவ்ளோ பெருசா?" என்றாள் அமுதவள்ளி. அன்று காலை அவள் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கரையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். லோரியிலிருந்து கயாக் படகுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தவன் இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். கழுத்தில் விசில் தொங்கியது. வெயிலில் கறுத்த முகம். நாற்பதை நெருங்கும் வயசு.

"வணக்கம் ஆன்டி. நான் கிரிதரன். பசியாறிட்டீங்களா?"

அமுதவள்ளி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தாமரையின் காதருகில் குனிந்து, அவனுக்கும் கேட்கும்படியே சொன்னாள். "முன்னால முடி கொட்டிருக்கு."

தூரத்தில் நின்ற ஷாமினி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"அத்தே, நீங்க கரையில உக்காருங்க. நாங்க ஒரு சுத்து போயிட்டு வந்துர்றோம்" என்றாள் தாமரை.

"கரையில உக்காரவா டிராக் பேண்ட் போட்டேன்? ரெண்டு பேர் போற போட்டு இருக்குல்ல? நான் தம்பிகூடப் போறேன்."

கிரிதரன் தாமரையைப் பார்த்தான். தாமரை வானத்தைப் பார்த்தாள்.

லைப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டான். தாமரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று சொல்லியபடியே அமுதவள்ளி கயாக்கின் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கிரிதரன் பின்னால் ஏறினான். ஜாக்கெட் தோளோடு நின்றுவிட, அதற்கு மேலே அந்த ஆங்கில எழுத்துகளின் தலைகள் மட்டும் எட்டிப் பார்த்தன. அவன் துடுப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் அதையே பார்த்தான்.

தாமரை தனி கயாக்கில் ஏறிக்கொண்டாள். ஆனால் கிட்டே வரக் கூடாது என்று அத்தை கையால் காட்டிவிட்டதால் மற்றவர்களோடு எதிர்த் திசையில் போனாள். போகும்போதும் கழுத்து இந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

கரை சற்று விலகியதும் அமுதவள்ளி ஆரம்பித்தாள். தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் இருபது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த குரல் அது.

"தம்பி, எனக்கு நீச்சல் தெரியாது. நீ பொய் சொன்னா கோவம் வரும். கோவம் வந்தா ஆடுவேன். ஆடினா ரெண்டு பேரும் தண்ணியில. புரியுதா?"

"புரியுது ஆன்டி."

"என்ன வேலை?"

"கிள்ளான்ல இடைநிலைப்பள்ளி வாத்தியார். கணக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தக் குழுவுக்கு உதவி செய்றேன்."

"இத்தனை வயசு வரைக்கும் ஏன் கல்யாணம் பண்ணல?"

"அப்பா ரொம்ப நாள் படுக்கையில இருந்தாரு. அம்மாவால தனியாப் பாக்க முடியல. அவர் போனப்புறம் யாராச்சும் கேட்டா, இனிமே எதுக்குன்னு சொல்லிப் பழகிட்டேன்."

"தாமரைகிட்ட மட்டும் ஏன் அப்படித் தோணல? பாவம்னு நெனைச்சியா?"

துடுப்பு நின்றது. "பாவமா? ஆன்டி, அவங்க முதல்நாள் இங்க வந்தப்போ திரும்பத் திரும்பக் கவிழ்ந்து விழுந்தாங்க. போதும், கரைக்கு வாங்கன்னு நானே சொன்னேன். கேக்கல. கடைசியா தண்ணிக்குள்ள இருந்து மேல வந்து, அந்தக் கயாக்கைப் பிடிச்சுத் திட்டினாங்க பாருங்க..."

"தாமரையா? என்ன திட்டினா?"

"உங்க முன்னாடி சொல்ல முடியாது லா ஆன்டி."

அமுதவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழாவது மாடி வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட மன்னிப்புக் கேட்கிற பெண் அது.

காற்று குளிர்ந்தது. தூரத்தில் தாமரை எதற்கோ சிரிப்பது தண்ணீர் மேல் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தவளுக்கு நெஞ்சு கனத்தது. சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் சிரித்தால் என் பிள்ளை இன்னும் கொஞ்சம் தூரமாகப் போய்விடுகிறானோ?

அந்த நினைப்பை உதறிவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

கிரிதரன் துடுப்பைக் கையில் மாற்றிப் பிடித்தான்.

"தம்பி, உன்னைத்தான்."

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல ஆன்டி."

அமுதவள்ளி சட்டென்று திரும்பினாள். கயாக் ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. "சொல்லலையா? அம்மாகிட்ட சொல்லாமதான் என் வீட்டுப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"ஆன்டி, திரும்பாதீங்க, முன்னால பாருங்க..."

"நான் எங்க வேணா பாப்பேன். பயமா உனக்கு? வெக்கமா?"

இந்தப் பேச்சில் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. ஏரியின் அந்த மூலையில், தண்ணீர் ஏறியபோது மூழ்கிச் செத்த மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றுகொண்டிருந்தன. கயாக்கின் அடியில் கரகரவென்று ஏதோ உரசியது. பிறகு நின்றுவிட்டது. இரண்டு மரங்களுக்கு நடுவில் வசமாகச் சிக்கிக்கொண்டது.

கிரிதரன் துடுப்பால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. "நான் இறங்கித் தள்ளினா இது சாஞ்சிடும். நீங்க விழுந்துருவீங்க" என்றவன் விசிலை எடுத்து ஊதினான். மலைக்குப் பின்னால் இடி உருண்டது.

அமுதவள்ளி இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கேள்வியை விடவில்லை. "சொல்லு. ஏன் சொல்லல?"

"அம்மா கேக்கப் போற முதல் வார்த்தை எனக்குத் தெரியும் ஆன்டி. 'விதவையா'ன்னுதான் கேப்பாங்க. அந்த வார்த்தைய அம்மா வாயால கேக்கணுமேன்னு பயம்."

"அந்த வார்த்தைய நீ கேக்கறதுக்கே பயப்படுறே" என்றாள் அமுதவள்ளி. குரல் தணிந்திருந்தது. "என்னை இருபத்தெட்டு வயசுலேர்ந்து அப்படித்தான் கூப்பிட்டாங்க. சுகு அப்போ கைப்பிள்ளை. ஆஸ்பத்திரியில, கல்யாண வீட்டுல, கோயில்ல. நான் செத்தா போயிட்டேன்? ஆனா ஒண்ணு. என்னை யாரும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போகல."

கிரிதரன் மறுபடியும் விசிலை ஊதினான்.

அப்போதுதான் அமுதவள்ளி அதைப் பார்த்தாள். ஏரியின் மறுகோடியிலிருந்து ஒரு சிவப்புக் கயாக் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. தாமரை. தலைமுடி அவிழ்ந்து பறந்தது. துடுப்பு இடமும் வலமும் இறங்கி ஏறியது. தோளிலும் கையிலும் எத்தனை பலம்! வீட்டில் காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கிற அந்தப் பெண்தானா இவள்?

"அத்தே! ஒண்ணும் ஆகல இல்ல?"

"ஆகல, ஆகல. நீ பாத்து வா."

தாமரை தன் கயாக்கைப் பக்கவாட்டில் கொண்டுவந்து ஒட்டினாற்போல் நிறுத்தினாள். "அத்தே, என் போட்டு விளிம்பைப் பிடிச்சுக்குங்க. நானும் உங்களதைப் பிடிச்சுக்கறேன். ரெண்டும் சேர்ந்திருந்தா கவிழாது. என்ன ஆனாலும் விடாதீங்க. கிரி, இப்ப இறங்குங்க."

சொன்ன மாதிரியே எல்லாரும் செய்தார்கள். கிரிதரன் தண்ணீரில் இறங்கி மரத்தில் காலை ஊன்றித் தள்ளினான். ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. கயாக் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அமுதவள்ளி கத்தினாள். ஆனால் பிடியை விடவில்லை.

அவன் மறுபடி ஏறி உட்கார்வதற்குள் மழை மலையிலிருந்து இறங்கி ஏரியின் பாதியை மறைத்துவிட்டது.

"அத்தே, நீங்களும் துடுப்புப் போடுங்க! இடது, வலது!"

"எனக்குத் தெரியாதுடி!"

"சாம்பார் கிண்டற மாதிரிதான், போடுங்க!"

அமுதவள்ளி போட்டாள். முதலில் தண்ணீர் தன் முகத்திலேயே அடித்தது. பிறகு பிடிபட்டது. இடது, வலது. மழை தலையில் கொட்ட, மூச்சு வாங்க, "இன்னும் வேகமாப் போடு தம்பி, தூங்குறியா?" என்று பின்னால் இருந்தவனை விரட்டிக்கொண்டே கரை சேர்ந்தாள். ஷாமினியும் மற்றவர்களும் கை தட்டினார்கள். இறங்கியபோது அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது.

கரையில் ஒரு தகரக் கொட்டகை. எல்லாருக்கும் நாசி லெமாக் பொட்டலம் பிரித்துக் கொடுத்தாள். கிரிதரனுக்கு மட்டும் இரண்டு. பிறகு பக்கத்துக் கழிவறைக்குப் போய், பையில் கொண்டுவந்திருந்த உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நனைந்த நீல டி-ஷர்ட்டைப் பிழிந்து, மடித்து, மடிமேல் வைத்துக்கொண்டு தாமரையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல ஏன் பூனை மாதிரி நடக்குற?"

தாமரைக்குப் புரியவில்லை. "உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான் அத்தே. நீங்க அவர் நினைப்பிலேயே இருப்பீங்க..."

"அது சரி. நான் எதுக்கு மூணு வருஷமா டிவி சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் பாக்குறேன்? வசனம் ஒண்ணும் காதுல விழறதில்ல. உனக்குத் தொந்தரவா இருக்கும்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாமரைதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"காலையில இந்த டி-ஷர்ட்டோட உங்களைப் பாத்ததும் பயந்துட்டேன் அத்தே. வேணாம்னு சொல்லத்தான் போட்டுட்டு வந்தீங்கன்னு."

"அப்படித்தான் போட்டேன்" என்றாள் அமுதவள்ளி மறைக்காமல். "அவனைத் தாண்டித்தான் நீ போகணும்னு எனக்கு ஒரு ஆங்காரம். அங்க மரத்துல மாட்டிட்டு நிக்கிறப்போ நீ வந்த வேகத்தைப் பாத்தேன். என் பிள்ளை பாத்திருந்தா கை தட்டிருப்பான்."

மழைச் சத்தம் தகரத்தில் பலத்தது. தாமரை அத்தையின் கையைப் பிடித்தாள்.

"நான் எங்கயும் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன். எங்க போனாலும் ரெண்டு பேர்னு கிரிகிட்டயே சொல்லிட்டேன்."

"நான் என்ன சாமானா, கூடவே தூக்கிட்டுப் போறதுக்கு? எனக்கு என் ப்ளாட் இருக்கு. வாரத்துல ஒரு நாள் வா, சமைச்சுப் போடறேன். ஞாயித்துக்கிழமையில என்னை இங்க கூட்டிட்டு வா. அது போதும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அவன் அம்மாகிட்ட இன்னும் சொல்லல, தெரியுமா உனக்கு?" என்றாள்.

தாமரையின் முகம் வாடியது. "தெரியும். நேரம் பாத்துச் சொல்றேன்னார்."

"நேரத்த நான் பாக்குறேன்."

மழை விட்டதும் கோலகுபு பாரு டவுனில் ஒரு கடையில் தே தாரிக் டீ குடிக்க நின்றார்கள். லோரியைக் குழுவினரோடு அனுப்பிவிட்டுக் கிரிதரனும் இவர்களோடு வந்திருந்தான். ஏரியில் கிடைக்காத சிக்னல் இங்கே கிடைத்ததும் அவன் கைப்பேசி தொடர்ந்து ஒலித்தது; எடுத்துப் பார்த்தான்.

"அம்மாதான். அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரு, ஆளுங்க வராங்கன்னு அனுப்பியிருக்காங்க. பெரியம்மா வீட்டுல இருந்து யாராச்சும் இருக்கும்."

"நல்லதாப் போச்சு" என்று அமுதவள்ளி எழுந்தாள். "வீட்டுல இருக்காங்க இல்ல? வா, போலாம்."

"ஆன்டி, கிள்ளான் நம்ம வழியில இல்ல."

"வழிய மாத்து."

மைவி கிள்ளானுக்கு விரைந்தது. ஓட்டியவள் தாமரை. பக்கத்தில் அமுதவள்ளி. பின்னால் முழங்கால்களை மடக்கிக்கொண்டு கிரிதரன், அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். நடுவில் ஒருமுறை சத்தமாகவே, "அம்மா, கோவப்படாம கேளுங்க" என்று சொல்லிவிட்டான். முன்னால் இருந்த இருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மூவருமே ஒரே சமயத்தில் அதைப் பார்த்தார்கள்.

படியருகே செருப்புகள். பளபளப்பான ஆண்களின் ஷூ, வயசான பெண்மணியின் செருப்பு, குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி புதுச் செருப்பு. உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. பலகாரம் பொரிக்கிற வாசனை வந்தது.

கிரிதரனின் முகம் வெளுத்தது. "செராஸ்ல இருந்து வந்தவங்க. போன மாசம் அம்மா ஒரு பொண்ணைப் பத்திப் பேசினாங்க. கௌசலான்னு பேரு. இப்ப வேணாம்னு சொன்னேன். விட்டுட்டாங்கன்னு நெனைச்சேன்..."

தாமரை கார்ச் சாவியை இறுக்கிக்கொண்டாள். "அத்தே, வாங்க போலாம். இது சரியா வராது. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? அது முன்னாடி போய் நிக்கணுமா?"

அமுதவள்ளிக்கே ஒரு கணம் தயக்கம் வந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் நிற்பது நியாயமா? அவள் கிரிதரனைத் திரும்பிப் பார்த்தாள். ஏரியில் கேள்வி கேட்டபோது பார்த்த பார்வை அல்ல இது. இனி நீதான் சொல்ல வேண்டும் என்கிற பார்வை.

கிரிதரன் மூச்சை இழுத்து விட்டான். "அந்தப் பொண்ணுக்கும் உண்மை தெரியணும் இல்ல? தெரியாம ஒரு கப் டீ குடிச்சுட்டுப் போனாங்கன்னா அதுதான் அநியாயம். இன்னிக்கு உள்ள போகலன்னா நான் என்னைக்குமே சொல்ல மாட்டேன்."

அவனே கேட்டைத் திறந்தான். இரும்புக் கேட் கிரீச்சிட்ட சத்தத்தில் கதவு திறந்தது. பட்டுப் புடவையில், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாய்வீட்டுப் பேச்சு மாறாத அவன் அம்மா குணபூசணி வெளியே வந்தார்.

"இந்த நேரத்திலயோ வாறது? சட்டையெல்லாம் ஈரம்! அவை எல்லாம் வந்து..." பேச்சு பாதியில் நின்றது. மகனுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இவை ஆர் கிரி?"

"அம்மா, இது தாமரை" என்றான் கிரிதரன். "நான் கல்யாணம் பண்ணிக்க நினைக்கிறவங்க."

குணபூசணியின் பார்வை மெல்ல அமுதவள்ளியிடம் வந்தது.

"அப்ப நீங்கள்?"

அமுதவள்ளி ஓரடி முன்னால் வைத்து, தாமரையின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கும்பிட்டாள்.

"வணக்கம்மா. நாங்களும் பொண்ணு வீட்டுக்காரங்கதான்."

உள்ளே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.